ஓட்டிக் காட்டினால்தான் படகு

— மெதுவாப் பேசும்மா. இந்த மீன் ஏலக் கூடத்துக்குச் சுவர் பாதிதான். அந்தப் பக்கம் நாற்காலி போட்டு ஊரே உக்காந்திருக்கு. படகுக்கு ரிப்பன் கட்டியாச்சு. கத்தரிக்கோலைக் கையில வச்சுக்கிட்டு நிக்கிறவன்கிட்ட வந்து வேண்டாங்கிறியே.

— ரிப்பனைத் தாராளமா வெட்டுங்க ஐயா. என் புருஷனை அந்தப் படகுல ஏத்தாதீங்கன்னுதான் சொல்றேன்.

— படகே அவருக்குத்தானேம்மா! பட்டாளத்துலேர்ந்து திரும்புற கடற்கரைப் பிள்ளைங்களுக்குப் படகு. இதுக்காகச் சட்டசபையில தொண்டை கிழியக் கத்தியிருக்கேன். நான் கத்தி நடந்த ஒரே காரியம் இதுதான். மத்ததெல்லாம் கத்தாமலே நடக்காமப் போச்சு.

— கத்தினது நல்லதுக்குத்தான் ஐயா. ஆனா அவருக்குப் படகு ஓட்டத் தெரியாது.

— என்னது?

— ஓட்டத் தெரியாது. நீந்தவும் தெரியாது.

— இந்தக் கரையில பொறந்தவர்தானே அவரு?

— பொறந்தாரு. மீசை அரும்பினதும் பட்டாளத்துக்குப் போயிட்டாரு. அவங்க அப்பா இவரைக் கடலுக்கே கூட்டிக்கிட்டுப் போகலை. படிக்கட்டும்னு விட்டுட்டாரு.

— ஐயையோ. சபையில ஒருத்தர் எழுந்து, இவங்களுக்குப் பயிற்சி ஏதும் கொடுக்க வேண்டாமான்னு கேட்டாரும்மா. நான் என்ன சொன்னேன் தெரியுமா? "மீன் குஞ்சுக்கு நீச்சல் பழக்கணுமா?"ன்னேன். மேசையைத் தட்டித் தட்டிச் சிரிச்சாங்க. வீட்டுக்குப் போயும் கண்ணாடி முன்னாடி நின்னு இன்னொரு தடவை சொல்லிப் பார்த்துக்கிட்டேன். அவ்வளவு அழகா வந்துச்சு.

— குஞ்சைக் கொண்டுபோய் இத்தனை வருஷம் மலை மேல வச்சுட்டீங்களே ஐயா. பனியில நின்ன மனுஷன். பஸ்ஸுல ஏறினாலே ஜன்னலோரம்தான் கேப்பாரு.

— வேடிக்கை பார்க்கவா?

— வாந்தி எடுக்க.

— சரியாப் போச்சு. அப்புறம் எதுக்கும்மா படகு வேணும்னு வந்து நின்னாரு?

— நானும் கேட்டேன். வரட்டும், பார்த்துக்கலாம்னாரு.

— உங்களுக்கு வராதுங்கன்னு நீயாவது எடுத்துச் சொல்லியிருக்கக் கூடாதா?

— நல்லாக் கேட்டீங்க. உங்களால முடியாதுன்னு பொண்டாட்டி சொல்லிட்டா, அதைச் செஞ்சு பார்க்காம எந்த ஆம்பளை சும்மா இருப்பான்? உங்க வீட்ல எப்படி?

— எங்க வீட்ல, உங்களுக்கு அரசியல் வராதுன்னு சொன்னா. அதனாலதான் இங்க நிக்கிறேன்.

— பார்த்தீங்களா? அதுலயும் இன்னிக்குக் காத்து திரும்பிடுச்சு ஐயா. முகத்துவாரத்துல அலை மடிஞ்சு மடிஞ்சு விழுது. தெரிஞ்சவங்களே பார்த்துப் போகணும். அவர் போனா கவுத்துடுவாரு.

— இதெல்லாம் உனக்கு எப்படித் தெரியும்?

— கரையில குடியிருக்கேன். தெரியாதா? அதை விடுங்க. கவுந்தா அவரு மட்டுமா கவுருவாரு? நீங்களும்தானே கூட ஏறணும்? மறந்துட்டீங்களா?

— மறப்பேனா? காலையிலேர்ந்து அதையேதான் நெனச்சுக்கிட்டிருக்கேன். "படகு வாங்குறவர் தொகுதி உறுப்பினரை ஏத்திக்கிட்டு முதல் சுத்து ஓட்டிக் காட்டணும். காட்டினால்தான் படகு." நானே சேர்த்த விதி. வாங்கின அன்னிக்கே எவனுக்காவது தள்ளிவிட்டுடுவாங்கன்னு புத்திசாலித்தனமா சேர்த்தேன். ஏத்திக்கிட்டுப் போற சாமான் நான்தான்னு அப்போ தோணலை.

— ஏன் ஐயா, உங்களுக்குக் கடல்னா...

— வெளிய சொல்லிடாத. பயம்.

— உங்களுக்கா! ஊரு பூரா சுவர்ல துடுப்போட நிக்கிறீங்க. கீழ "கடல் பெற்ற பிள்ளை"ன்னு வேற போட்டிருக்கு.

— அந்தப் படகு மணல்ல நின்னுச்சும்மா. என் உதவியாளர் பக்கெட்ல தண்ணி மொண்டு மூஞ்சியில அடிச்சாரு. அந்த ஒரு பக்கெட் தண்ணிக்கே நான் கண்ணை இறுக்கி மூடிக்கிட்டேன். "ஆழ்ந்த சிந்தனையில் தலைவர்"னு பத்திரிகையில போட்டாங்க. சிரி, சிரி. உனக்கு இல்லாத உரிமையா? எங்கப்பா காய்கறி மண்டி வச்சிருந்தாரு. நான் பார்த்த பெரிய தண்ணி எங்க வீட்டுத் தொட்டிதான். இந்தத் தொகுதி எனக்கு எப்படிக் கிடைச்சுதுங்கிற? வேற யாரும் கேக்கலை.

— ஆனா எங்களுக்கு நிறையச் செஞ்சிருக்கீங்க ஐயா. அதை மறைக்கக் கூடாது.

— எதை? புயலுக்கு ஜனங்க தங்குறதுக்கு மண்டபம் கட்டினேனே, அதையா? புயல் வந்த அன்னிக்கு மண்டபத்துச் சாவி என் காருக்குள்ள இருந்துச்சு. காரு தலைநகரத்துல இருந்துச்சு.

— வாசப்படியில நல்லா இடம் இருந்துச்சு ஐயா. கூரையைக் கொஞ்சம் நீட்டிக் கட்டியிருந்தீங்க.

— பட்டாளத்துக் குடும்பங்களுக்குத் தையல் மிஷின் கொடுத்தேன்.

— அதுல வலையைத் தைக்கப் பார்த்தோம். ஊசி உடைஞ்சுபோச்சு. ஆனா மேசை நல்ல மேசை. எங்க வீட்ல அது மேலதான் டிவி இருக்கு.

— நீ ஆறுதல் சொல்றியா, கணக்குத் தீர்க்கிறியான்னே புரியலை. சரி, இப்போ நான் என்ன செய்யணும்?

— உங்களுக்குப் பயம்னு மைக்ல சொல்லிடுங்க. நீங்க ஏறலைன்னா முதல் சுத்து கிடையாது. அவருக்கும் மானம் போகாது.

— என் மானம்?

— அது உங்களுக்குப் பழக்கம்தானே ஐயா.

— அதுவும் சரிதான். வேற காரணம் ஏதாவது சொல்லட்டுமா? இடுப்பு வலின்னு?

— தூக்கிட்டுப் போய் உக்கார வச்சுடுவாரு. பட்டாளத்துல அதெல்லாம் பழக்கம்.

— தொண்டை வலி?

— படகுல பாடவா போறீங்க?

— அவசரமா போன் வந்துடுச்சுன்னு?

— உங்களுக்கு அவசர போன் வரும்னு ஊர்ல யார் ஐயா நம்புவாங்க?

— எதிர்க்கட்சிக்காரன்கூட என்னை இவ்வளவு சரியாப் புரிஞ்சுக்கலை. ஏம்மா, தேர்தல் வர்ற நேரம். கடற்கரைத் தொகுதியில நின்னுக்கிட்டுக் கடல்னா பயங்கிறதும், கறிக்கடை வச்சுக்கிட்டுக் கத்தின்னா மயக்கம் வரும்கிறதும் ஒண்ணுதானே?

— விளையாட்டு இல்ல ஐயா. இத்தனை வருஷமா வாசல்ல ஜீப் சத்தம் கேட்டா எனக்கு உசுரு போயிட்டு வரும். என்ன சேதி கொண்டு வந்திருக்காங்களோன்னு கதவைத் திறக்காம நின்னிருக்கேன். பால்காரர் வண்டியைப் பார்த்து அழுதிருக்கேன். இப்போதான் முழுசா வீட்டுக்கு வந்திருக்காரு. எல்லை திருப்பிக் கொடுத்த மனுஷனை என் வீட்டு வாசல் தண்ணியில தொலைக்கச் சொல்றீங்களா?

— சொல்லலை. அழாத. கண்ணைத் தொடைச்சுக்க. வா, போகலாம். மானத்தைக் கழட்டி இந்த ஐஸ் பெட்டி மேல வச்சுட்டு வர்றேன். யாரும் எடுத்துக்கிட்டுப் போக மாட்டாங்க.

— நீங்க நல்லா இருக்கணும் ஐயா.

— அதைத் தேர்தல் முடிஞ்சு சொல்லு. ...ஹலோ. ஹலோ. மைக் கேக்குதா? பெரியவங்களே, தாய்மாரே, பட்டாளத்துச் சகோதரர்களே, வணக்கம். ரிப்பனை வெட்டியாச்சு. கைதட்டினதுக்கு நன்றி. இப்போ நான் படகுல ஏறி முதல் சுத்து போகணும். போகப் போறதில்ல. ஏன்னா, எனக்குக் கடல்னா பயம். ஆமாம், நிஜமாத்தான். சிரிங்க. பின்னாடி இருக்கிறவங்க எழுந்து நின்னுகூடச் சிரிக்கலாம், நாற்காலி எங்கயும் ஓடிடாது. சுவர்ல துடுப்போட நிக்கிறது நான்தான். ஆனா அந்தப் படகு நின்னது மணல்ல. எனக்கு நீந்தத் தெரியாது. அதனால முதல் சுத்து இன்னொரு நாளைக்கு. அதுவரைக்கும் படகு கூடத்துல பத்திரமா இருக்கட்டும். தப்பு முழுக்க என்னோடது, இந்தப் பட்டாளத்துக்காரரோடது இல்ல.

— சார்!

— சொல்லுங்க பட்டாளத்துக்காரரே.

— பயப்படாதீங்க சார். நான் இருக்கேன்.

— அதுதான்யா பயமே. அதாவது, இன்னிக்கு வேண்டாங்கிறேன்.

— மலைக்குப் புதுசா வர்ற பசங்க எல்லாம் இதையேதான் சார் சொல்வாங்க. இடுப்புல கயித்தைக் கட்டி மேல ஏத்தியிருக்கேன். உங்களையும் கட்டிடலாம் சார்.

— கட்டாதய்யா! அம்மா, இங்க வா. உன் யோசனை என்னை எங்க கொண்டுவந்து நிறுத்தியிருக்கு பாரு.

— என்னங்க, விடுங்களேன். ஐயாதான் பயமா இருக்குங்கிறாரே.

— நீ தள்ளு. இவ்வளவு பெரிய மனுஷர் ஊர் முன்னாடி பயம்னு ஒத்துக்கிட்டாரு. அவரை அப்படியே விட்டுட்டு வந்தா நான் பட்டாளத்துல இருந்ததுக்கு என்ன அர்த்தம்? ஜனங்க கைதட்டுறாங்க பாரு. ஏறுங்க சார்!

— நான் கூட்டின கூட்டம் எனக்கு எதிராவே கைதட்டுறது இதுதான் முதல் தடவை. இல்ல, முதல் தடவை இல்ல. கொஞ்சம் இப்படி ஓரமா வாங்க. நீ அங்கயே இரும்மா. இருங்க, மைக்கை அணைச்சுடுறேன். இப்போ உண்மையைச் சொல்லுங்க. உங்களுக்குப் படகு ஓட்டத் தெரியுமா?

— சார்...

— இதை ஆர்டர்னு வச்சுக்குங்க.

— தெரியாது சார்.

— நீந்த?

— தெரியாது சார்.

— அப்புறம் எந்தத் தைரியத்துலய்யா என்னை இடுப்புல கட்டுறேங்கிற?

— ஒரு சுத்துதானே சார். மோட்டாரைப் போட்டா அதுவாப் போயிடும். ஒரே ஒரு சுத்து. படகு கைக்கு வந்துடும்.

— இன்னொரு நாள் பார்த்துக்கலாம்னு சொன்னேனே.

— இன்னொரு நாள்னு விதியில இல்ல சார். குறிச்ச நாள்ல ஓட்டலைன்னா படகு திரும்பப் போயிடும். நான் முழுசாப் படிச்சுட்டேன்.

— எழுதினவன் நான், எனக்கே ஞாபகம் இல்ல. உசுரை விட்டு எதுக்குய்யா உனக்குப் படகு?

— வேணும் சார்.

— ஓட்டத் தெரியாதவனுக்கு எதுக்குங்கிறேன்.

— வேற பேருக்கு எழுத முடியுமான்னு விண்ணப்பம் போட்ட அன்னிக்கே உங்க ஆபீசுக்கு வந்து கேட்டேன் சார். வாசலோட துரத்திவிட்டீங்க.

— எவனுக்கோ விக்கப் பார்க்கிறேன்னு நெனச்சேன். "நாட்டுக்கு உழைச்சவனுக்குத்தான் படகு"ன்னு வசனம் வேற பேசினேன்.

— பேசினீங்க சார். ஏறுங்க சார், நேரமாகுது.

— நகருங்க ரெண்டு பேரும்.

— உன்னை அங்கயே இருன்னேனேம்மா. ஏய், நீ எங்க ஏறுற?

— நடுப்பலகையில உக்காந்து ஓரத்தைக் கெட்டியாப் புடிச்சுக்குங்க ஐயா. நான் எடுக்கிறேன்.

— நீயா?

— எங்கப்பாவுக்குக் கண்ணு மங்கினதுலேர்ந்து அவர் படகை நான்தான் எடுக்கிறேன். இந்த முகத்துவாரத்துல நான் பார்க்காத அலை இல்ல. என்னங்க, மறைச்சது தப்புதான். "நீ கடல்ல கால் நனைக்கக் கூடாது, அதுக்குத்தான் நான் இந்தப் பனியில நிக்கிறேன்"னு போன்ல சொல்வீங்க. சரிங்கன்னு போனை வச்சுடுவேன். விடிஞ்சதும் வலையைத் தூக்கிக்கிட்டுப் போயிடுவேன். உண்மையைச் சொல்லியிருந்தா நீங்க அங்க நிம்மதியா நின்னிருப்பீங்களா? ஏன் என் கையையே பார்க்குறீங்க? பயமா இருக்கு. திட்டணும்னா திட்டிடுங்க.

— திட்டு வாங்க வேண்டியவன் நான்தாம்மா. பட்டாளத்துக் குடும்பத்துக்கு ஒரு கையாலயும், கடற்கரை ஜனங்களுக்கு ஒரு கையாலயும் அள்ளிக் கொடுக்கிறேன்னு ஊரெல்லாம் பேசினேன். ரெண்டும் ஒரே வீட்ல ஒரே பொம்பளையா இருக்கும்னு எனக்குத் தோணவே இல்ல. படகை உன் பேருக்கு எழுதுறதுக்கு என் விதியில ஒரு வரி இல்லை.

— அவரைப் பேசச் சொல்லுங்க ஐயா.

— பேசுய்யா. உன் பொண்டாட்டி காத்துக்கிட்டு நிக்கிறா.

— லீவு முடிஞ்சு கிளம்புறப்பல்லாம் உன் கையைப் புடிச்சுக்கிட்டுத்தானே பஸ்ஸுக்கு நிப்பேன்? கயிறு இழுத்துக் காய்ச்சுப்போன கை எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாதா? உங்கப்பா படகோட அடிப்பலகை ஊறிப்போய்க் கிடக்கு. அதுல நீ போறியேங்கிற நெனப்புல நான் அங்க ஒரு நாள் நிம்மதியாத் தூங்கினதில்ல. நீயே சொல்லு, இந்தப் படகை நான் எனக்கா கேட்டேன்?