குறுக்குக்காத்துப் புகார்

மூடிட்டேன் சார், ரெண்டு ஜன்னலையும் மூடிட்டேன். கழுத்துத் துணிய அவிழ்க்க வேணாம், இருக்கட்டும். நாற்காலிய அடுப்புப் பக்கமா இழுத்துப் போட்டுக்கங்க. ஆமா, நான்தான் ராதோய்கா. இந்தப் பாலர் வகுப்புக்கு டீச்சர், ஆயா, அடுப்பு மூட்டுறவ எல்லாம் நானே. பசங்க முற்றத்துல விளையாடுதுங்க. தொப்பி, கையுறை எல்லாம் மாட்டித்தான் அனுப்பினேன், பயப்படாதீங்க.

புள்ளைங்க மேல குறுக்குக்காத்து படவிட்டேன்னு புகார், அதானே? அது பட்டா நோவு வந்துடும்னு நம்ம ஊரே நடுங்குமே. சொல்றேன். திடம், திரவம், வாயு. உங்க கல்வி ஆபீஸ் கொடுத்த பாடம்தான். வீட்டுலேர்ந்து ஆளுக்கொரு ஐஸ் கட்டி கொண்டாங்கன்னேன். ஓக்னென்னு ஒரு பய, அவன் அம்மா என்ன பண்ணியிருக்காங்க தெரியுமா? புள்ளைக்குத் தொண்டை கட்டிக்கும்னு ஐஸைக் கொஞ்சம் சுடவெச்சு அனுப்பியிருக்காங்க. பாட்டில்ல வெதுவெதுன்னு தண்ணி. சிரிக்காதீங்க சார், உருக்கிக் காட்டுற வேலை எனக்கு மிச்சம்.

அப்புறம் கெட்டில்ல தண்ணி கொதிக்கவிட்டு, இந்த ஆவியப் பிடிச்சு வைக்க முடியுமான்னு கேட்டேன். முடியும் டீச்சர், எங்க தாத்தா கொப்பரையில பிடிச்சு பாட்டில்ல ஊத்துவாருங்கறான் ஓக்னென். பிளம் பழத்துல சாராயம் காய்ச்சாத வீடு இந்த ஊர்ல ஏது? நான் வாரம் பூரா கத்தவேண்டியத ஒரே மூச்சுல முடிச்சிட்டான்.

ஜன்னலா? அதுக்குத்தான் வர்றேன். பாடத்துக்கு நடுவுல திஜானா, நல்லா ஓடியாடுற பொண்ணு, வெளுத்துப்போய் அப்படியே சாஞ்சிட்டா. மத்ததுங்களும் தலை வலிக்குதுன்னு சிணுங்குதுங்க. ரெண்டு பக்க ஜன்னலையும் தொறந்து, புள்ளயத் தூக்கிக் காத்துல காட்டினேன். கொஞ்ச நேரத்துல கண்ணு முழிச்சு, ரொட்டி கேட்டா.

சாயங்காலம் ஊரே பேசுது, குறுக்குக்காத்து பட்டுத்தான் புள்ள விழுந்துச்சாம். விழுந்தப்புறம்தானய்யா தொறந்தேன்னா கேக்க ஆளில்ல. அவ அப்பா பெல்கிரேடுல காலேஜ் படிச்சவரு. அவரே சுத்தியலும் ஆணியுமா வந்து நிக்கிறாரு, ஜன்னல அடைக்க.

என்ன சார், நெத்தியப் பிடிச்சுக்கறீங்க? பயணக் களைப்பா? இருக்கும் இருக்கும்.

உங்க முதுகுக்குப் பின்னாடி அடுப்புக்குழாய் போகுது பாருங்க, அது வெடிச்சுக் கெடக்கு. ஒவ்வொரு குளிர்காலமும் உங்க ஆபீஸுக்குச் சொல்லிச் சொல்லி வாய் ஓஞ்சுபோச்சு. ஒரு ஈ காக்கா எட்டிப் பாக்கல. அதுலேர்ந்து வர்ற விஷக்காத்துக்கு நெறமும் கெடையாது, வாசனையும் கெடையாது. இதுங்களுக்கு வாயுன்னா என்னன்னு தனியா வேற சொல்லித்தரணுமா?

யாரு புகார் பண்ணதா? நான்தான் சார். யாரோ ஒரு புள்ளையோட அம்மா மாதிரி மூக்கால பேசி, டீச்சர் ரெண்டு ஜன்னலையும் தொறந்து போடுறாங்கன்னு உங்க ஆபீஸுக்கு ஃபோன்ல அழுதேன். மறுநாள் காலையில உங்க கார் வாசல்ல நிக்குது.

அய்யய்யோ, எழுந்திரிக்காதீங்க, தள்ளாடுது பாருங்க. நீங்களே சொல்லுங்க சார், ஜன்னலத் தொறக்கட்டுமா? குறுக்குக்காத்து படுமே, பரவாயில்லையா?