வேப்பமரத்தடி ஜீப்

"உள்ள குந்தினா கால் ரோட்ல படுது. அத்தப் போயி வண்டின்றியே!"

எதிர் இருக்கையில் ஒருவர் இப்படிச் சொன்னதும்தான் நான் கவனித்தேன். காலை கும்மிடிப்பூண்டி ரயில் பொன்னேரியைத் தாண்டியிருந்தது. கணவனும் மனைவியும் ஒரே கம்பெனியின் நீலச் சட்டையில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். வீட்டு வேப்பமரத்தடியில் துருப்பிடித்து நிற்கும் பழைய ஜீப்பைப் பற்றித்தான் பேச்சு. அதை உடைப்பதற்கு எடுத்துப்போக, சாயங்காலம் பழைய இரும்புக் கடை லாரி வருகிறதாம்.

"அடித்தகடுதான் மாமா போச்சு. சேஸி சட்டம் கல்லாட்டம் கீது. சுத்தியால தட்டிப் பாத்துட்டேன்."

"தகடு யாரு போடுவா?"

"நாந்தான். தெனம் எட்டு மணி நேரம் கம்பெனிக்கு வெல்டிங் அடிக்கறேன். நம்ம ஊட்டு ஓட்டைய அடைக்க மாட்டனா?"

பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள்.

"இஞ்சினு?"

"அது உன் வேல. பொங்கலுக்குப் பழவேற்காடு வரைக்கும் ஓட்டிக்கினு போலாம்."

"அந்த மாடலுக்கு பார்ட்ஸே கெடைக்காதும்மே."

"கெடைக்காதா? போன வாரம் கார்புரேட்டர் எங்க கெடைக்கும்னு யார்கிட்டயோ போன்ல விசாரிச்சிக்கினு இருந்தியே, அது இன்னா?"

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கவரைப்பேட்டை வந்ததும் செல்போனை எடுத்தார்.

"அண்ணே, சாயங்காலம் லாரி அனுப்பாத. ஊட்ல சண்டலாம் இல்லண்ணே, அவ ஒண்ணும் சொல்லல. எனக்கே மனசு வரல."

அந்தப் பெண் டிபன் பையை அவர் மடியில் வைத்துவிட்டு, இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.