செய்தி போகாத தோட்டம்

தக்காளிச் செடியைத் தொட்டால் கையில் பச்சைக் கறை ஒட்டிக்கொள்ளும். ஒருமுறை சோப்பு போட்டால் போகாது. பரிசோதனைக் கூடத்தை விட்டுத் தோட்டங்களுக்குப் போகத் தொடங்கிய பிறகுதான் எனக்கே இது தெரிந்தது.

பூச்சி எண்ணும் பெட்டி பழுதா என்று கேட்டீர்கள். இல்லை. நன்றாகவே வேலை செய்தது.

எளிமையான பெட்டிதான். கம்பத்தின் மேல் நிற்கும். உள்ளே பெண் அந்துப்பூச்சியின் வாசனை ஏற்றிய ரப்பர் துண்டு, அதன் கீழே ஒட்டுத் தாள். வாசனையை நம்பி வரும் ஆண் பூச்சிகள் தாளில் மாட்டிக்கொள்ளும். கேமரா அரை மணிக்கொரு படம் எடுத்து எனக்கு அனுப்பும். பூச்சி பெருகினால் விவசாயியின் கைபேசிக்குச் செய்தி போகும். உடனே மருந்தடித்தால் பயிர் பிழைக்கும். புழு காய்க்குள் புகுந்துவிட்டால் எந்த மருந்தும் எட்டாது.

செய்தியால் பயன் உண்டு என்று நிரூபிக்க இரண்டு தோட்டங்கள் வேண்டும். ஒன்றுக்குச் செய்தி போகும், மற்றதற்குப் போகாது. இந்த முறையை நான் கண்டுபிடிக்கவில்லை.

செய்தி போனது ஒரு கோழிப்பண்ணைக்காரரின் தோட்டத்துக்கு. போகாதது, நான் அண்ணன் என்று கூப்பிட்டவரின் தோட்டத்துக்கு. நான் போகிற நாட்களில் அண்ணி எனக்கும் சேர்த்தே உலை வைப்பார்.

பெட்டியை நட்ட அன்று அண்ணி அதைச் சுற்றிவந்து பார்த்தார்.

“ஏங்க, இது உங்க தம்பி மாதிரியே இருக்கு. வெயில்ல நிக்குது, ஒரு வேலையும் செய்யல.”

“அவன் எங்கடி வெயில்ல நின்னான்?” என்றார் அண்ணன். பிறகு என்னிடம், “பூச்சி வந்தா இது சொல்லிடுமா பாப்பா?”

“சொல்லும்ணா.”

அதுவரை அவர் தினமும் காலையில் குனிந்து, இலைகளைத் திருப்பி முட்டை இருக்கிறதா என்று பார்ப்பார். முழங்கால் வலிக்காரர். பெட்டி வந்ததும் அதை விட்டுவிட்டார். உங்களுக்குச் செய்தி வராது என்று சொல்லியிருந்தால் மறுபடி குனிந்திருப்பார். ஆய்வு முடிவு கெட்டுப்போயிருக்கும். பெட்டியே இல்லாத தோட்டத்தில் இவ்வளவு சேதம் வந்திருக்காது என்று பின்னால் என் பேராசிரியர் சொன்னார். சரிதான். ஆனால் வரைபடத்தில் இரண்டு கோடுகளும் அவ்வளவு தெளிவாகப் பிரிந்திருக்காது.

பூச்சி வந்தது. கோழிப்பண்ணைக்காரர் அன்றே மருந்தடித்தார். அண்ணன் தோட்டத்துத் தாள் கருத்துக்கொண்டே போனதை நான் திரையில் பார்த்தேன். நடுவில் ஒருமுறை அவரே கூப்பிட்டார்.

“பெட்டி வாயே தொறக்கலியே பாப்பா. நம்பலாம்ல?”

“நம்பலாம்ணா.”

அந்த ஒரு விளைச்சலை வைத்துத்தான் குத்தகை நிலத்தைத் தக்கவைக்க இருந்தார்கள். காய்களில் ஓட்டையைப் பார்த்ததும் அவர் மருந்தை இரண்டு பங்காகக் கலந்து, முகத்தில் துணிகூடக் கட்டாமல், எதிர்க்காற்றில் அடித்திருக்கிறார். இது அண்ணி பிறகு சொன்னது.

எனக்கு வந்தது படம். தாளுக்குக் கீழே, ஓரத்தில் கொஞ்சம் தரை தெரியும். அங்கே இரண்டு பாதங்கள், விரல்கள் மேலே பார்த்தபடி. களைத்துப் படுத்திருக்கிறார் என்று நினைத்தேன். அடுத்த படத்திலும் அப்படியே இருந்தன. அதற்கடுத்ததில் ஒரு செருப்பு கழன்று கிடந்தது. அதாவது, அதுவரை உயிர் இருந்திருக்கிறது.

கைபேசி மேசைமேல்தான் இருந்தது. அண்ணியின் எண் எனக்கு மனப்பாடம். ஆனால் கூப்பிட்டால், உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பார். படம் வருகிறது என்றால், அப்போ பூச்சியும் தெரிந்திருக்குமே என்பார். அதற்கு என்ன பதில் சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அதற்குள் அடுத்த படம் வந்துவிட்டது. பூச்சிகளை எண்ணினேன். பிறகு வந்த படத்தில் அண்ணியின் சேலை தெரிந்தது.

இப்போதெல்லாம் எந்தத் தோட்டத்துப் படம் வந்தாலும் என் கண் முதலில் கீழ் ஓரத்துக்குத்தான் போகிறது. வெறும் மண் தெரிந்தாலும் மனம் அடங்குவதில்லை. இன்னும் வரவில்லை, அடுத்ததில் வரும் என்று தோன்றுகிறது.

போன வாரம் அண்ணி பேசினார்.

“பெட்டி மேல தப்பில்ல பாப்பா. அது சொல்லித்தான் இருக்கும். உங்கண்ணன் போனைப் பாக்காம விட்டிருப்பாரு, அவரு குணம் தெரியாதா? கடன வாங்கிக் குத்தகையக் கட்டிட்டேன், இந்தத் தடவ போனை நானே கையில வச்சுக்கறேன். பெட்டிய எடுத்துடாத.”

சரி அண்ணி என்றேன். துக்கத்தில் இருப்பவரின் நம்பிக்கையைக் கெடுக்கக் கூடாது. கம்பத்தைப் பழைய இடத்திலேயே நட்டுக் கொடுத்தேன். செய்தி போகும் எண்களில் அவருடையதைச் சேர்க்கவில்லை. சேர்த்தால் போன பருவத்தோடு ஒப்பிட முடியாமல் போய்விடும்.