நிர்மலாதேவி அம்மையாரின் ஐம்பத்து மூன்றாவது லில்லி

இக்கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் எங்கள் முதலாளி திரு. புவனேந்திரன் அவர்களே, அம்மையாரின் கணவர் திரு. சேகரன் அவர்களே, மகள் தேவிஸ்ரீ அவர்களே, பேக்கிங் பகுதியிலிருந்து வந்திருக்கும் சகோதரிகளே, புக்கிட் பெருவாங் வட்டாரப் பெரியோர்களே, உங்கள் அனைவருக்கும் என் வணக்கம்.

என் பெயர் சுகுமாரன். எங்கள் வாசனைத் தொழிற்சாலையில் உற்பத்தி மேலாளர். கலவைக்கூடத் தலைவர் நிர்மலாதேவி அம்மையாரோடு இருபத்திரண்டு ஆண்டுகள் வேலை செய்தவன். நான் கண்ணீர் விட்டுப் பேசுவேன் என்று யாராவது எதிர்பார்த்தால் மன்னிக்க வேண்டும். போன திங்கட்கிழமை சாயங்காலம், அம்மையார் மாரடைப்பில் போய்விட்டார் என்று போன் வந்தது. அன்று முதல் எனக்கு அழுகை வரவில்லை. வேளாவேளைக்குச் சாப்பிட்டேன். சுடுகாட்டுக்குப் போனேன். மறுநாள் வேலைக்கும் போனேன். வேறு எதுவும் ஆகவில்லை. அது எனக்கே பிடிக்கவில்லை.

யார் இந்த நிர்மலாதேவி? செலண்டார் தோட்டத்துப் பிள்ளை. பதினெட்டு வயதில் எங்கள் தொழிற்சாலைக்குப் புட்டி கழுவ வந்தவர். கழுவுவதற்கு முன்னால் ஒவ்வொரு புட்டியையும் முகர்ந்து பார்த்து, லேபிளில் இருந்த பெயரை மனப்பாடம் செய்தவர். பத்து ஆண்டுகளில் எந்தப் புட்டியில் என்ன இருந்தது என்று வெள்ளைக்கார நிபுணருக்கே சொன்னவர். படிப்பு எங்கே படித்தார்? அந்தப் புட்டிகளில் படித்தார்.

முப்பத்தாறு ஆண்டுகள் அவர் வேலை நாளில் பவுடர் போட்டதில்லை. தலையில் பூ வைத்ததில்லை. மூக்கு கெட்டுவிடும் என்பார். தேவிஸ்ரீ கல்யாணத்தில் மட்டும் தலைநிறைய மல்லிகை வைத்துக்கொண்டார். வைத்துக்கொண்டு, அந்த வாசம் போகட்டும் என்று இரண்டு நாள் கூடுதலாக லீவு கேட்டார். இன்று அவர் படத்துக்கு நாம் மல்லிகை மாலைதான் போட்டிருக்கிறோம். வேறு என்ன போடுவது என்று எங்களில் யாருக்கும் தெரியவில்லை.

நான் இங்கே பேச வந்தது லில்லியைப் பற்றி.

ரோஜாவைக் காய்ச்சினால் எண்ணெய் கிடைக்கும். மல்லிகையிலிருந்தும் வாசனையைப் பிரித்து எடுக்கலாம். லில்லி எதையும் கொடுக்காது. பூ பக்கத்தில் இருக்கும், வாசம் காற்றில் இருக்கும், கைக்கு ஒரு சொட்டும் வராது. லில்லி வாசம் வேண்டுமென்றால் வேறு பொருள்களைச் சேர்த்து நாம்தான் உண்டாக்க வேண்டும். உலகத்தில் பெரும்பாலோர் லிலியால் என்ற ஒரு பொருளை நம்பித்தான் அதைச் செய்துகொண்டிருந்தார்கள். நாங்களும்தான். உடம்புக்குக் கேடு என்று ஐரோப்பாவில் அதைத் தடை செய்தார்கள். கிள்ளானில் பூசைப் பன்னீர் தயாரிக்கும் எங்கள் வாடிக்கையாளர், அந்தப் பொருள் இல்லாத லில்லி வேண்டும் என்றார்.

அம்மையார் சீனர் கடையில் லில்லி வாங்கி வந்து மேசையில் வைத்தார். அதன் எதிரே உட்கார்ந்தார், எழுதினார், கலந்தார். ஒன்று, இரண்டு, மூன்று என்று எண் போட்டுக்கொண்டே போனார். நாற்பத்தொன்றாவது கலவையை முகர்வுக் குழுவுக்கு அனுப்பினோம். பேக்கிங் பகுதியின் எட்டுப் பெண்கள். வாசனைத் தாளைக் கலவையில் தோய்த்துக் கொடுப்போம், முகர்ந்து பார்த்து நல்லது, கெட்டது என்று குறிக்க வேண்டும். எட்டுப் பேரும் நல்லது என்று குறித்தார்கள். நான் அன்றைக்கே கிள்ளானுக்குச் சொல்லிவிட்டேன். அவர்களும் அந்தக் குறிப்புத் தாளைப் பார்த்துத்தான் ஒப்புக்கொண்டார்கள்.

நான்கு நாள் கழித்துக் கேண்டீனில் சுப்பம்மா அக்கா அம்மையாரிடம் ஒரு விஷயம் சொன்னார். சுப்பம்மா அக்கா இதோ இரண்டாவது வரிசையில் இருக்கிறார், தவறாக நினைக்கக் கூடாது.

“நிர்மலா, சாமிக்குத் தெளிக்கிற பன்னீருன்னு நீதான சொன்ன? சாமிக்கு முந்தி நம்ம எப்படி மோந்து பாக்கறது? மூச்ச அடக்கிட்டுதான் லா மூக்குகிட்ட வச்சோம்.”

“எட்டு பேருமா?”

“எட்டு பேரும்தான்.”

“அப்ப ஏன்கா நல்லாருக்குன்னு டிக் பண்ணீங்க?”

“சாமிக்குப் போறத நல்லா இல்லன்னு எழுதச் சொல்றியா?”

அம்மையார் கேண்டீனில் வயிறு வலிக்கச் சிரித்தார். என் ஆபீசுக்கு வந்தபோது சிரிப்பு இல்லை. மறுநாள் அதே நாற்பத்தொன்றைக் கழிப்பறை கழுவும் திரவம் என்று சொல்லி அதே எட்டுப் பேரிடம் கொடுத்தார். இந்த முறை எல்லோரும் நன்றாக இழுத்துப் பார்த்தார்கள். தோய்த்தவுடன் பரவாயில்லை என்றார்கள். நாலு மணி நேரம் கழித்து மறுபடியும் நீட்டியபோது, “இது வெறும் சவுக்காரம் லா, பூ எங்க?” என்று எட்டுப் பேரும் கெட்டது என்று குறித்தார்கள். பொய் சொன்னதற்காக எட்டுப் பேருக்கும் நாசி லெமாக் சோறு வாங்கிக் கொடுத்துவிட்டு, கெட்டது என்று குறித்த தாளை என் மேசையில் வைத்தார்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? “அக்கா, கஸ்டமர் ஓக்கே சொல்லிட்டாங்க. பேப்பர்ல எட்டு டிக் இருக்கு. போதும்.”

அவர் சொன்னார்: “டிக் இருக்கு தம்பி. மூக்கு இல்ல.”

நாற்பத்தொன்றைப் பெரிய தொட்டியில் கலக்க அவருடைய கையெழுத்து வேண்டும். அவர் போடவில்லை. மூன்று வாரம் நான் கேட்டேன், அவர் போடவில்லை. என்னோடு சண்டை போட்டாரா? இல்லை. சாப்பாட்டு நேரத்தில் கலவைக்கூடத்துக்குப் போய் நாற்பத்திரண்டைத் தொடங்கினார். அப்படியே ஐம்பத்து மூன்று வரை வந்தார்.

ஐம்பத்து மூன்றில் போன திங்கட்கிழமை காலை பத்து மணிக்குத் தாளைத் தோய்த்திருக்கிறார். பக்கத்தில் அவர் எழுதும் அட்டை. அதில் ஐந்து கட்டம்: ஒரு மணி நேரம், நாலு மணி நேரம், ஒரு நாள், மூன்று நாள், ஏழு நாள். முதல் கட்டத்தில் “பச்சை வாசம் சரி” என்று எழுதியிருக்கிறார். இரண்டாவதில் “ஈரம் இன்னும் இருக்கு”. அன்று சாயங்காலம் அவர் இல்லை. செவ்வாய்க்கிழமைக் கட்டம் காலியாக இருக்கிறது. எங்களில் ஒருவரும் அந்தத் தாளைத் திரும்பிப் பார்க்கவில்லை.

வியாழக்கிழமை மூன்றாம் நாள். நான் கூடத்துக்குப் போய் அந்தத் தாளை எடுத்து முகர்ந்தேன். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. இருக்கிறதா, இல்லையா, நல்லதா, கெட்டதா, எதுவும் தெரியவில்லை. தாளை வைத்துவிட்டு என் ஆபீசுக்கு வந்தேன். கலவைக்கூடத் தலைவர் இல்லாதபோது உற்பத்தி மேலாளர் கையெழுத்துப் போடலாம் என்று எங்கள் விதி. நாற்பத்தொன்றுக்கான படிவத்தில் நான் கையெழுத்துப் போட்டேன். நாளைக் காலை ஒன்பது மணிக்கு அதைக் கலப்பதாக இருக்கிறது.

இதை இங்கே உட்கார்ந்திருக்கும் யாரிடமும் நான் சொல்லவில்லை. முதலாளியும் இப்போதுதான் கேட்கிறார். மூன்று வாரம் ஒரு மனுஷி மறுத்ததை, அவர் போன மூன்றாம் நாள் நான் செய்து முடித்தேன். கையெழுத்துப் போட்டுவிட்டுச் சாப்பிடப் போனேன். அதுதான் எனக்கு இப்போது பயமாக இருக்கிறது.

முதலாளி அவர்களே, அந்தக் கையெழுத்தை இந்தச் சபையின் முன்னால் திரும்பப் பெறுகிறேன். நாளை நாற்பத்தொன்று கலக்கப்படாது. முகர்ந்து பார்க்காமல் குறித்த எட்டு டிக்கைத்தான் அனுப்பினோம் என்று கிள்ளானுக்கு நானே போன் செய்து சொல்கிறேன். கோபப்படுவார்கள். வேறு இடம் பார்க்கிறோம் என்றுகூடச் சொல்லலாம். அதற்கு நான் பொறுப்பு.

நாளை அந்தத் தாளுக்கு ஏழாம் நாள். என் மூக்கை நம்பி அந்தக் கட்டத்தில் எதையும் எழுத எனக்குத் தைரியம் இல்லை. சுப்பம்மா அக்கா, நீங்கள் எட்டுப் பேரும் காலை எட்டு மணிக்குக் கூடத்துக்கு வரவேண்டும். அம்மையாரைப் போல எனக்குச் சாமர்த்தியமாகப் பொய் சொல்லத் தெரியாது. இது சாமிக்குத்தான். சாமிக்கு முந்தி முகர்வது குற்றமென்றால் அந்தக் குற்றம் என் தலையில் இருக்கட்டும். மூச்சை அடக்காதீர்கள். நன்றாக இழுத்துப் பாருங்கள். பூ இருந்தால் இருக்கிறது என்று எழுதுங்கள். இல்லையென்றால் அவர் முகத்துக்காக டிக் போடாதீர்கள், இல்லை என்றே எழுதுங்கள்.

இல்லை என்று நீங்கள் எழுதினால், ஐம்பத்து நான்கை நான் தொடங்குகிறேன்.