ஆறு பேர் ஏறலாம்

நான் எழுந்து நின்றதுமே கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்ட, மின்தூக்கி உற்பத்தியாளர் சங்கத்தின் மாண்பமை தலைவர் அவர்களே! மறைந்த மாமனிதரோடு முப்பது ஆண்டுகள் மல்லுக்கட்டியும் அவர்மேல் மருந்துக்கும் பொறாமை கொள்ளாத (சரி சரி, சிரிக்காதீர்கள், கொஞ்சம் கொண்ட) போட்டித் தொழிலதிபர்களே! கிரீஸ் கறை போகாத கைகளோடு வெள்ளைச் சட்டை உடுத்தி வந்திருக்கும் தொழிற்சாலைத் தோழர்களே! வயதாலும் வாழ்ந்த வாழ்வாலும் உயர்ந்த பெரியோர்களே! இத்தனை பேச்சாளர்களையும் பொறுத்துக்கொண்டு இன்னும் எழுந்து போகாத தாய்மார்களே! அனைவருக்கும் என் கனமான வணக்கம்.

கனமான வணக்கம் என்று ஏன் சொன்னேன்? நான் நடந்து வந்தபோது இந்த மேடைப் பலகைகள் போட்ட சத்தத்தைக் கேட்டிருப்பீர்கள். மறைந்தவர் என் தங்கையின் கணவர். நான் அவரை மாப்பிள்ளை என்பேன், அவர் என்னை மச்சான் என்பார். ஆனால் அவருடைய கைப்பேசியில் என் பெயர் 'மச்சான் நூற்றிரண்டு' என்றுதான் பதிவாகியிருந்தது. நூற்றிரண்டு என் வீட்டுக் கதவு எண் அல்ல ஐயா, கிலோ!

மனத்தில் ஒன்றை வைத்துக்கொண்டு மைக்கில் வேறொன்றைப் பேச எனக்கு வராது. இந்தக் கூட்டம் முடிந்து தேநீர் குடித்ததும் பக்கத்து அறையில் இன்னொரு கூட்டம் இருக்கிறது. மாப்பிள்ளை கட்டி வளர்த்த மின்தூக்கி நிறுவனத்தைப் பெரிய நிறுவனம் ஒன்றுக்கு விற்பதா, வேண்டாமா என்று முடிவெடுக்கும் கூட்டம். பங்குதாரர்கள் மூன்று பேர். மாப்பிள்ளையின் தம்பி விற்போம் என்கிறார். மாப்பிள்ளையின் ஒரே மகள், அவளும் பொறியாளர்தான், விற்கக் கூடாது என்கிறாள். மூன்றாவது கை என்னுடையது. வாங்க வந்திருக்கும் அதிகாரி, அதோ, முதல் வரிசையில் புன்னகையோடு அமர்ந்திருக்கிறார். ஏன் புன்னகை? போன வாரமே நான் அவரிடம் சரி என்று தலையாட்டிவிட்டேன்.

என்ன? பின்னால் கேட்கவில்லையா? மைக்கைக் கொஞ்சம் ஏற்றுங்கள் தம்பி. என் குரலே போதும், ஆனாலும் ஏற்றுங்கள்.

யார் அந்த மனிதர்? பொறியாளரா? ஆம், பொறியாளர்! தொழிலதிபரா? ஆம், தொழிலதிபர்! குடும்பத் தலைவரா? ஐயோ, அதை என் தங்கையிடம் கேளுங்கள்! என் தங்கையை மணக்கக் கேட்டு அவர் எங்கள் வீட்டுக்கு வந்த அன்று, "என்ன வேலை தம்பி?" என்று கேட்டேன். "ஆளுங்களை மேல ஏத்தி, கீழ இறக்கி விடுறதுங்க" என்றார். பேருந்து நடத்துநர் என்று நினைத்துக்கொண்டேன். போகும்போது எங்கள் வாசல் கதவைப் பிடித்து இரண்டு ஆட்டு ஆட்டி, "இந்தக் கீல் இந்த மாசம் தாண்டாது" என்று சொல்லிவிட்டுப் போனார். என்ன திமிர் இவனுக்கு என்று எனக்கு ஆத்திரம். பன்னிரண்டாம் நாள் கதவு கழன்று என் அப்பாமேல் விழுந்தது. கதவுக்கு அடியில் கிடந்தபடியே அப்பா சொன்னார்: "டேய், அந்தப் பையனுக்கே குடுத்துடலாம்டா!"

ஒரு டயர் கடையின் பின்பக்கம், இரண்டே அறை, ஒரு கடைசல் எந்திரம், ஒரு வெல்டிங் எந்திரம். அங்கேதான் தொடங்கினார். அங்கேதான் அவர் ஒரு வழக்கத்தையும் தொடங்கினார். புது மின்தூக்கி ஒன்றை மாட்டி முடித்ததும் இரும்புக் கட்டிகளை அடுக்கிச் சோதிப்பார்கள். எல்லா நிறுவனமும் செய்வது அது. எல்லாம் சரியாக இருந்தால் ஒப்படைத்துவிட வேண்டியதுதானே? மாட்டாரே! மறுநாள் காலை தன் குடும்பத்தையே கூட்டிக்கொண்டு போய் அந்தப் பெட்டிக்குள் ஏற்றுவார். ஆறு பேர் ஏறலாம் என்று எழுதியிருந்தால் ஆறு பேர். அவர், என் தங்கை, மகள், தம்பி, தம்பி மனைவி, ஆறாவதாக இந்த நூற்றிரண்டு! உச்சி மாடியில் எங்களை வரிசையாக நிறுத்தி, ஒவ்வொருவரையும் தனித்தனியாகக் கேட்பார்: "எங்கயாவது பயந்தீங்களா?" சொன்னதையெல்லாம் எழுதிக்கொள்வார்.

"ஏன் மாப்பிள்ளை, இரும்பு வச்சுத்தான் பாத்தாச்சே?" என்று ஒருநாள் சலித்துக்கொண்டேன். "இரும்புக்கு வயிறு கலங்காது மச்சான். நம்ம வீட்டு ஆளை ஏத்த எனக்குப் பயமா இருந்தா, அடுத்த வீட்டு ஆளை எப்படி ஏத்துவேன்?" என்றார். இதைப் பார்த்துத்தான் நம் தலைவர் அந்தக் காலத்தில், "இது லிஃப்ட் கம்பெனியா, குடும்பச் சுற்றுலாவா?" என்று ஊரெல்லாம் கேலி பேசினார். இல்லை என்று தலையாட்டுகிறார். பேசினீர்கள் ஐயா! துணிக்கடை முதலாளி ஒருவர் உத்தரவாதப் பத்திரம் எங்கே என்று கேட்டபோது, மாப்பிள்ளை எங்கள் ஐந்து பேரையும் காட்டினார். முதலாளி என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "இவரையுமா ஏத்துனீங்க? அப்ப சரி" என்று கையெழுத்துப் போட்டார்.

இருபத்தைந்தாவது திருமண நாள். "சாயங்காலம் நல்ல புடவை கட்டிக்கிட்டு ரெடியா இரு" என்று என் தங்கையிடம் சொன்னார். அவளும் ஆசை ஆசையாய் உடுத்தி, பூ வைத்து, புதுச் செருப்புப் போட்டுக் கிளம்பினாள். போய் இறங்கிய இடம் எது? பாதி பூசிய பன்னிரண்டு மாடிக் கட்டடம்! சிமெண்டு மூட்டைக்கு நடுவே அவள் நின்ற கோலத்தை நினைத்தால் எனக்கு இப்போதும் சிரிப்பு வருகிறது. ஆனால் கேளுங்கள், உச்சி மாடியில் கதவு திறந்தால் அங்கே இரண்டு நாற்காலி, ஒரு சாப்பாட்டு அடுக்கு, அவரே சுற்றிய மல்லிகை மாலை. மாலை பழைய மின்தூக்கிக் கம்பியில் கட்டப்பட்டிருந்தது, அது வேறு விஷயம். மூன்று நாள் அவரோடு பேசவில்லை என்று என் தங்கை சொல்வாள். பொய். ராத்திரி சாப்பாட்டுக்கே பேசிவிட்டாள்.

மருத்துவர் சொன்னார் என்று நான் ஒருமுறை ஒன்பது கிலோ குறைத்தேன். ஊரே பாராட்டியது. மாப்பிள்ளை மட்டும் என் தோளைத் தொட்டு, "ஒரு குழந்தை எடை போயிடுச்சே மச்சான், இனி யாரைத் தேடுவேன்?" என்று கவலைப்பட்டார். அவர் கவலையைத் தீர்ப்பதற்காகவே மறுபடி ஏற்றினேன்.

தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். முக்கியமான இடத்துக்கு வந்துவிட்டேன் ஐயா.

பதினொரு மாடிக் குடியிருப்பு ஒன்று. அந்த வேலைக்குப் பொறுப்பான பொறியாளர் மாப்பிள்ளையின் மகள். அவள் கையெழுத்துப் போட்டால்தான் ஒப்படைக்க முடியும். கீழே கட்டட முதலாளி, ரிப்பன், கத்தரிக்கோல், விருந்தினர் கூட்டம். மேலே நாங்கள் ஆறு பேர். வழக்கமான கேள்வி, வழக்கமான பதில்: பயமில்லை, பயமில்லை, பயமில்லை, பசிக்கிறது. கடைசிப் பதில் என்னுடையது. மகள் மட்டும், "ஏழாவது மாடி தாண்டும்போது காலுக்கடியில ஏதோ உதறுச்சுப்பா" என்றாள்.

மாப்பிள்ளை தனியாக ஏறி இறங்கிப் பார்த்தார். ஒன்றுமில்லை. "தனியாப் போனா தெரியாதுப்பா. மாமா அந்த மூலையில சாஞ்சு நிக்கணும்" என்றாள். எனக்கு வந்ததே கோபம்! நான் என்ன சோதனைக் கருவியா? முணுமுணுத்துக்கொண்டே போய் மூலையில் சாய்ந்தேன். எல்லோரும் மறுபடி ஏறினோம். அவளுக்கு உதறியது. வேறு யாருக்கும் உதறவில்லை.

"நேரமாச்சும்மா, எல்லாம் சரியா இருக்கு. கையெழுத்துப் போடு" என்றார் மாப்பிள்ளை. அவர் அப்படி அவசரப்பட்டு நான் பார்த்ததே இல்லை.

"போட மாட்டேன்ப்பா."

"அப்பா பாத்துச் சொன்னா உனக்கு நம்பிக்கை இல்லையா?"

அவள் கண்ணில் நீர் முட்டியது. ஆனாலும் தெளிவாகச் சொன்னாள்: "நம்பிக்கை இருக்கறதாலதான்ப்பா பயமா இருக்கு. நீங்க சரின்னு சொன்னா எல்லாரும் ஏறிடுவாங்க."

மாப்பிள்ளை போய் மின்தூக்கியின் மின்சாரத்தை நிறுத்தினார். எல்லோரும் படி வழியே இறங்க வேண்டும். பதினொரு மாடி! இந்த உடம்பு! ஒன்பதாவது மாடியில் மருமகளைத் திட்டினேன். ஆறாவதில் அவள் படித்த கல்லூரியைத் திட்டினேன். நாலாவதில் மாப்பிள்ளையை. இரண்டாவதில் உலகத்தில் முதன்முதலாக மாடி கட்டியவனை. தரைக்கு வந்தபோது திட்ட மூச்சில்லை.

இரண்டு மணி நேரம் கழித்து மாப்பிள்ளை உடம்பெல்லாம் எண்ணெயாக வெளியே வந்தார். பெட்டி ஏறி இறங்கும் தண்டவாளத்தில் இரண்டு துண்டுகள் சேரும் இடம், ஏழாவது மாடிக்குச் சற்று மேலே. அங்கே நான்கு போல்ட்டுகள். அதில் இரண்டு வெறும் கையால் திருகி விடப்பட்டிருந்தன, ஸ்பேனர் படவே இல்லை. இரும்புக் கட்டியை நடுவில் ஒழுங்காக அடுக்குவார்கள், அதனால் தெரியவில்லை. நான் ஒழுங்காகவா நிற்கிறேன்? மூலையில் சாய்ந்து, கண்ணாடியில் மீசையைப் பார்த்துக்கொண்டல்லவா நிற்கிறேன்! பெட்டி அறுந்து விழுந்திருக்கும் என்று நான் சொல்ல மாட்டேன். சொன்னால் மாப்பிள்ளை எழுந்து வந்து திருத்துவார். ஆனால் என்றைக்காவது ஒருநாள், பள்ளிக்குப் போகும் பிள்ளைகளோடு அது இடையில் மாட்டிக்கொண்டிருக்கும்.

முதலாளி, விருந்தினர், வேலைக்காரர்கள் அத்தனை பேர் முன்னிலையிலும் மாப்பிள்ளை சொன்னார்: "தப்பு என்னோடது. என் பொண்ணு சொன்னதுதான் சரி." ஒரு தகப்பன், ஒரு முதலாளி, முப்பது வருட அனுபவம் உள்ள பொறியாளர்! எத்தனை பேருக்கு அந்த வாய் வரும்? எனக்கு வருமா? உங்களுக்கு வருமா? கட்டட முதலாளி கொதித்துப்போய் அடுத்த இரண்டு கட்டடத்தையும் வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார். அந்த வேறொருவர்தான் இன்று நமக்குத் தலைமை தாங்குகிறார்.

அன்று காருக்குப் பக்கத்தில் நின்று மாப்பிள்ளை என் காதோடு சொன்னார்: "ஆர்டர் போச்சு மச்சான், போகட்டும். எனக்கப்புறம் கம்பெனியப் பாத்துக்க ஆள் கெடச்சிருச்சு."

அன்பர்களே, இந்தச் சொல்லை இன்றுவரை நான் யாரிடமும் சொல்லவில்லை. என் தங்கையிடம் சொல்லவில்லை. கேட்க வேண்டிய அந்தப் பெண்ணிடமும் சொல்லவில்லை. ஏன்? முழங்கால் ஒரு வாரம் வீங்கிக் கிடந்தது, அந்த வீம்பு! பிறகு சொல்லலாம், பிறகு சொல்லலாம் என்றிருந்தேன். மூன்று மாதத்துக்கு முன் மாப்பிள்ளை போய்விட்டார். போன வாரம் அதிகாரி வீட்டுக்குச் சாப்பிட வந்து கேட்டபோது, அவள் முன்னாலேயே, "பொம்பளப் புள்ள தனியா இதை எப்படிச் சமாளிப்பா?" என்று சொன்னேன். அவள் தன் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அன்றிலிருந்து எனக்கு வெட்கமாக இருக்கிறது. எனக்குத் தூக்கமே இல்லை.

அதிகாரி அவர்களே, நீங்கள் தந்த ஒப்பந்தத்தின் எட்டாம் பக்கத்தைப் படித்தேன். 'குடும்பத்தினரை ஏற்றும் வழக்கம் உடனடியாக நிறுத்தப்படும்' என்றிருக்கிறது. மன்னியுங்கள், அதை நிறுத்த என் கை உயராது! விற்பதற்கு என் கை உயராது! தம்பி, உன்மேல் எனக்குக் கோபமில்லை. அண்ணன் இல்லாத பட்டறைக்குள் கால் வைக்க முடியவில்லை என்று நீ அழுததை நான் பார்த்தேன். கால் வைக்க முடியாவிட்டால் என் கையைப் பிடித்துக்கொண்டு வா, இழுத்துக்கொண்டு போகிறேன்.

அம்மாடி, எழுந்திரு. மாமா தப்பாகப் பேசிவிட்டேன், உன் அப்பாவைப் போல இத்தனை பேர் முன்னால் சொல்கிறேன். அடுத்து எந்தக் கட்டடம்? எப்போது? என்ன சொல்கிறாள்? கைதட்டுவதை நிறுத்துங்கள், கேட்கட்டும்.

"நாளைக்குக் காலைல ஏழு மணிக்கு மாமா. ஆனா நாம அஞ்சு பேர்தானே இருக்கோம்."

ஆமாம். ஐந்து பேர்தான். அவர் இடத்தை நிரப்ப இந்த உலகத்தில் ஆளில்லை. ஆனால் அவர் எடையை நிரப்பியாக வேண்டுமே! யாராவது...

ஐயா, நீங்களா? உங்கள் தலைவர், எங்கள் முப்பது வருடப் போட்டியாளர், எழுந்து நிற்கிறார். ஏதோ சொல்கிறார். மைக்கை அங்கே கொடுங்கள்.

"எழுபத்தெட்டு" என்கிறார்! வயதல்ல ஐயா, கிலோ!

இதற்குமேல் எனக்குப் பேச்சு வரவில்லை. இவ்வளவு நேரம் என்னைத் தாங்கிய மேடைக்கும், என் பேச்சைத் தாங்கிய உங்களுக்கும் என் நன்றி. தேநீர் ஆறுகிறது, போய்க் குடியுங்கள். பக்கத்து அறைக் கூட்டத்துக்கு நாங்கள் மூவரும் இப்போதே போகிறோம். வணக்கம்!