அக்கா தொடாத லிங்க்

எனக்கு அவ்வளவு சீக்கிரம் கோபம் வராது, இன்ஸ்பெக்டர் ஐயா. அலுவலகத்தில் யாரிடமும் குரலை உயர்த்திப் பேசியது கிடையாது. வேண்டுமானால் விசாரித்துப் பாருங்கள்.

ஊழியர்களின் போன்களில் வைரஸ் நுழையாமல் பார்த்துக்கொள்வது என் வேலை. வரவேற்பு மேசையில் இருந்த அக்கா, எந்த லிங்க் வந்தாலும் கண்ணை மூடிக்கொண்டு தொட்டுவிடுவார். சண்டை போட்டுக்கொண்டு வீட்டைவிட்டுப் போன மகளிடமிருந்து ஏதாவது சேதி இருக்காதா என்ற நப்பாசை. அப்படி ஒரு முறை தொட்டதில் அலுவலகக் கோப்புகள் மொத்தமும் பூட்டிக்கொண்டன. முதலாளி எல்லார் முன்னாலும் என்னை வாங்கு வாங்கென்று வாங்கினார். அக்காவை ஒரு வார்த்தை சொல்லவில்லை, பாவமாம். எனக்கு வயிறு எரிந்தது. அதை மறைக்க என்ன இருக்கிறது?

அதனால் பயிற்சி கொடுத்தேன். போலிச் செய்தி அனுப்பி, யார் ஏமாறுகிறார்கள் என்று பார்ப்பது எங்கள் தொழிலில் வழக்கம்தான். மற்றவர்களுக்குப் பரிசுக் கூப்பன் அனுப்பினேன். அக்காவுக்கு மட்டும் புது எண்ணிலிருந்து, "அம்மா, நான்தான். கோபம் போச்சா? இதுல என் போட்டோ இருக்கு" என்று அனுப்பிவிட்டு, கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து பார்த்தேன். நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து நின்று தொட்டார். 'இது பயிற்சி. நீங்கள் ஏமாந்துவிட்டீர்கள்' என்று திரையில் வந்தது. முகத்தில் ஈயாடவில்லை. எப்படி ஏமாந்தார் என்பதை அன்றைய கூட்டத்தில் அவர் வாயாலேயே சொல்ல வைத்தேன். ஒரே தடவையில் யாருக்குப் புத்தி வரும்? மகள் பேரில் திரும்பத் திரும்ப அனுப்பினேன். தெரியாத எண்களிலிருந்து அழைப்பே வராதபடி அவர் போனை அடைத்தும் கொடுத்தேன்.

கடைசியில் தேறிவிட்டார். ஒரு மத்தியானம் போனை நீட்டிக்கொண்டு என் மேசைக்கு வந்தார்.

"தம்பி, இதுவும் உங்க வேலைதானே? நான் தொடல, பாத்தீங்களா?"

ஆஸ்பத்திரி நர்ஸ் ஒருத்தி அனுப்பியது. கூப்பிட்டால் போன் போகவில்லை, உங்கள் மகள் இங்கே இருக்கிறாள், சீக்கிரம் வாருங்கள் என்று எழுதி, வழிகாட்டும் லிங்க்கும் வைத்திருந்தாள். அது நான் அனுப்பியதில்லை. "கொஞ்சம் இருங்கக்கா" என்று சொல்லிவிட்டு உள்ளறைக்குப் போய் அந்த எண்ணைக் கூப்பிட்டேன். சரிபார்க்காமல் எதையும் சொல்வது என் வழக்கமில்லை.

"அம்மா அம்மான்னே கேட்டுக்கிட்டிருக்கா சார். சாயங்காலம் வரைக்கும் தாங்கினாலே பெருசு" என்றாள் நர்ஸ்.

திரும்பி வந்து, "என் வேலைதான்க்கா. அழிச்சிடுங்க" என்றேன். அழித்தார். பரீட்சையில் பாஸான சின்னப் பிள்ளை மாதிரி சிரித்தார். நானும் கைதட்டினேன்.

உண்மை என்று சொல்லியிருந்தால் அடுத்து வருவதையும் தொட்டிருப்பார், ஐயா. அவ்வளவு நாள் பட்ட பாடு வீணாகியிருக்கும். அந்தப் பெண் கடைசிவரை வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள் என்று சொன்னீர்கள். அதற்கு நான் என்ன செய்ய முடியும், அவள் எங்கள் ஊழியர் இல்லையே.

உங்கள் ஆட்கள் போய், மகள் இறந்துவிட்டாள் என்று சொன்னபோது அக்கா நம்பவில்லையாமே. தம்பியைக் கேட்டுக்கொண்டு வருகிறேன் என்றாராமே. எங்கள் அலுவலகத்தில் வேறு யாரும் இவ்வளவு நன்றாகக் கற்றுக்கொள்ளவில்லை.