பாதிக்குக் கீழே

தட்டியெல்லாம் பாக்காதீங்க சார், அது என்ன தர்பூசணியா. புதுசுதான். கதவுல ஒட்டியிருக்கிற நீலப் பிளாஸ்டிக்கைக்கூட உரிக்கல, பாருங்க. ஒரு தடவைகூட ஓடல. வேணும்னா சுவிட்சு போடுறேன், லைட் எரியுறதைப் பாத்துக்குங்க. தண்ணி விட்டுக் காட்ட முடியாது. எங்க வீட்டுக் குழாய் பழசு, வாய் பெருசு. அதுக்கு ஒரு பித்தளை மூட்டு வேணும், நடுவுல மாட்டுறதுக்கு. அது இல்லாம பைப் நிக்காது.

இருக்கு. வாங்கினது ஒண்ணு இருக்கு. ஆனா அதைக் குடுக்க மாட்டேன். இல்ல சார், விலைக்கும் குடுக்க மாட்டேன். கடையில சல்லிசா கெடைக்கும், நீங்க புதுசா ஒண்ணு வாங்கிக்குங்க.

உங்களை அண்ணான்னு கூப்பிடச் சொல்றீங்களா? வேணாம் சார். சாரே இருக்கட்டும். தப்பா எடுத்துக்காதீங்க.

பாதி விலைக்கு ஏன்னு கேக்குறீங்க. எல்லாரும் அதைத்தான் கேக்குறாங்க. உங்களுக்கு முன்னாடி மூணு பேர் வந்துட்டுப் போயிட்டாங்க. ஒரு அம்மா உள்ள தலையை விட்டு மோந்து பாத்தாங்க, ஏதோ எலி செத்துக் கெடக்குற மாதிரி. இன்னொருத்தர் திருட்டுப் பொருளான்னு கேட்டாரு. பில்லை எடுத்து மூஞ்சிக்கு நேரா காட்டினேன். காட்டினதும் இன்னும் சந்தேகம் ஜாஸ்தியாயிடுச்சு அவருக்கு. முப்பத்தோராயிரம் குடுத்து வாங்கி, பிரிக்காமலே பாதிக்குக் குடுக்குறாங்கன்னா வீட்ல யாருக்கோ மூளை கலங்கியிருக்கணும்னு நெனச்சிருப்பாரு. பெரிய தப்பு ஒண்ணும் இல்ல.

கொஞ்சம் மெதுவா பேசுங்க. அம்மா உள்ள இருக்காங்க.

உக்காருங்க. லோடு வண்டிக்காரர் வர இன்னும் அரை மணி ஆகும்னீங்களே. நிக்கிறவங்களைப் பாத்தா எனக்கு எரிச்சலா வரும்.

வீட்ல கேட்டுட்டு முடிவு பண்றேங்கிறீங்க. என்ன கேப்பீங்க? மெஷின் வாங்கவா வேணாமான்னா? அப்படிக் கேட்டா அவங்க உங்க மூஞ்சியைப் பாத்துட்டு, நமக்கெதுக்குங்கன்னுதான் சொல்லுவாங்க. அவங்களுக்கு வயித்துல ஏழு மாசம்னு வேற சொல்றீங்க. கேக்காதீங்க, எண்ணுங்க. எங்கப்பா அப்படித்தான் பண்ணுவாரு.

அப்பா ஒரு ஃபேக்டரி வாசல்ல டைம் கீப்பர். யார் எத்தனை மணிக்கு உள்ள போனாங்க, எத்தனை நிமிஷம் லேட்டுன்னு எழுதுற வேலை. அதே புத்திதான் வீட்லயும். பெருசா ஏதாவது வாங்கணும்னா உடனே வாங்க மாட்டாரு. ஒரு சீட்டுல அந்தப் பொருள் பேரை எழுதி, சமையல்கட்டு அலமாரிக் கதவுல ஒட்டுவாரு. அது இல்லாம என்னிக்கெல்லாம் கஷ்டப்பட்டோமோ அன்னிக்கெல்லாம் அதுல ஒரு கோடு போடணும். மூணு மாசம். அப்புறம் கோட்டை எண்ணுவாரு. கோடு நெறைய இருந்தா வாங்கலாம். பத்துப் பன்னெண்டுதான் இருந்தா, அது ஆசை, தேவை இல்லன்னு சீட்டைக் கிழிச்சுடுவாரு.

சிரிக்கிறீங்க. ஆனா வேலைக்காகும் சார். பெரிய டிவிக்குச் சீட்டு ஒட்டினோம், ஒம்போது கோடு. அதுவும் எல்லாம் மேட்ச் நடந்த நாள். கிழிச்சுட்டாரு. மிக்ஸிக்கு எண்பத்தி மூணு, மறுநாளே வாங்கிட்டு வந்துட்டாரு.

வாஷிங் மெஷின் சீட்டு என்னோடது. நான் ஸ்கூலை விட்டதுக்கப்புறம் வீட்டுத் துணி பூரா என் தலையிலதான். ஏன் விட்டேன்னா, கணக்குல ரெண்டு தடவை ஃபெயில். மூணாவது தடவை எழுத நான் போகல. எனக்கு அது வரல, அவ்வளவுதான், அதுல அழறதுக்கு ஒண்ணும் இல்ல. வீட்ல சும்மா இருக்கிறவதானே, துவைன்னு அம்மா சொல்லிட்டாங்க. நாலு பேர் துணி. அப்பாவோட காக்கி யூனிஃபார்ம் நனைஞ்சா ஒரு ஆள் கனம் இருக்கும், புழியறப்போ கை கழண்டுடும். தினமும் கோடு போட்டேன். மறந்த நாளுக்கும் கோடு விழுந்திருந்துச்சு, பச்சை மையில. கண்ணாடிக் கடைப் பேனா அது.

என் அண்ணன் மூக்குக் கண்ணாடிக் கடையில வேலை. அளவு எழுத பச்சைப் பேனாதான் வச்சிருப்பான். ஏன்டா கள்ளக் கோடு போடுறேன்னா, உனக்குத்தான் எண்ணவே வராதே கணக்கு, அதான் நான் எண்ணுறேன்பான். என்னைக் கணக்குன்னுதான் கூப்பிடுவான். ஃபெயிலானதுலேர்ந்து. ஏய் கணக்கு, என் நீலச் சட்டை காஞ்சுடுச்சா. இப்படி. அப்பாவுக்கும் தெரியும், ரெண்டு மை இருக்கிறதைப் பாக்காதவரா அவரு. ரெண்டையும் சேத்தேதான் எண்ணினாரு. மொத்தம் எண்பத்தெட்டு.

ஆமா, அப்ப வாங்கியிருக்கலாம்தான். அதே வாரம்தான் கார் மக்கர் பண்ணுச்சு.

கிழவன்னு பேரு அந்தக் காருக்கு. எனக்கு மூணு வயசு மூத்தது. ஏத்தத்துல இருமும், எறக்கத்துல மொனகும். அப்பா கையில அந்த வருஷத்துக்குன்னு சேத்து வச்சது எழுபதாயிரம். வருஷத்துக்கு ஒரு பெரிய செலவுதான் எங்க வீட்ல. இப்ப காரா, மெஷினா?

அதுக்கும் அப்பாகிட்ட ஒரு விதி இருக்கு, இதை நீங்க குறிச்சு வச்சுக்கலாம். பழைய வண்டியை இன்னிக்கு வித்தா என்ன வரும்னு பாருங்க. ரிப்பேர் அதுல பாதிக்குக் கீழ வந்தா, ரிப்பேர் பண்ணு. பாதியைத் தாண்டினா ஒரு ரூவாகூடப் போடாதே, வித்துடு, வேற வாங்கு. கிழவனை வித்தா எண்பது வரும்னு ரெண்டு இடத்துல சொன்னாங்க. அப்போ பாதி நாப்பது. நாப்பதைத் தாண்டினா கிழவனை வித்து, கையில இருக்கிற எழுபதையும் போட்டு வேற வண்டி. மெஷின் அடுத்த வருஷம். நாப்பதுக்குள்ள வந்தா ரிப்பேரும் ஆச்சு, மிச்சத்துல மெஷினும் ஆச்சு.

மெக்கானிக் ரெண்டு தெரு தள்ளி. நல்ல மனுஷன். தனியாளு, கூட ஒரு நாய் உண்டு. அதிகம் பேச மாட்டாரு, என்ன செலவாகும்னு எழுதித்தான் குடுப்பாரு. அந்தச் சீட்டை வாங்கிட்டு வர நான்தான் போனேன். முப்பத்தாறாயிரத்து ஐநூறு. அப்பா கண்ணாடியைப் போட்டு ரெண்டு தடவை கூட்டிப் பாத்தாரு. சரியா இருந்துச்சு. செய்யச் சொல்லுன்னுட்டாரு. அன்னிக்கே மெஷினுக்கும் பணம் கட்டியாச்சு. என்னைக் கூட்டிட்டுப் போய்க் கலர்கூட என்னையே எடுக்கச் சொன்னாரு. வெள்ளை அழுக்காகும்னு சாம்பல் எடுத்தேன்.

சரிம்மா. வச்சுட்டுப் போ. நான் பாத்துக்குறேன். இவரா? மெஷின் பாக்க வந்திருக்காரு. ஆமா, எடுத்துட்டுப் போயிடுவாரு. சரி, சரி, பட்டன் பத்திரம். தெரியும்மா.

அம்மாதான். வாளியில என்னன்னு பாக்குறீங்க. பாருங்க, மறைக்க ஒண்ணுமில்ல. அழுக்கே இல்ல, இல்லையா? எல்லாம் தேய்ச்சு மடிச்ச சட்டை. திங்கக்கிழமை ஆனா அலமாரியில இருக்கிற அண்ணன் சட்டை அஞ்சையும் எடுத்து இந்த வாளியில போடுவாங்க. நான் துவைச்சுக் காயப்போட்டுத் தேய்ச்சு மறுபடி மாட்டி வைப்பேன். மறு திங்கக்கிழமை திரும்ப. ஒன்பது வாரமாச்சு. காலர் வெளுக்க ஆரம்பிச்சுடுச்சு. மெஷின்ல போட்டா துணி நைஞ்சுடும், கையிலயே அலசுங்கிறாங்க. அதான் சார் விக்கிறோம். இதுதான் காரணம். இப்ப சந்தேகம் தீந்துதா?

ம். ஒன்பது வாரம்.

இல்ல, பரவால்ல, கேளுங்க. மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கிட்டு உக்காந்திருக்கிறதுக்குக் கேக்குறதே மேல். மெஷின் வந்த அன்னிக்குத்தான். பதினோரு மணி. ரெண்டு பேர் தூக்கிட்டு வந்து இதே மூலையில வச்சாங்க. குழாயைப் பாத்தாங்க, இதுக்கு மூட்டு வேணும், இல்லன்னா மாட்ட முடியாது, நாங்க அரை மணிதான் இருப்போம், அப்புறம் வந்தா தனிக் காசுன்னாங்க. நான் அண்ணனுக்குப் போன் பண்ணினேன். அவன் கடைக்கு நடந்துதான் போவான், அன்னிக்கு முதலாளியம்மாவுக்கு ஏதோ டப்பா எடுத்துட்டு வரணும்னு கிழவனை எடுத்துட்டுப் போயிருந்தான். டேய், ஒரு பித்தளை மூட்டு வாங்கிட்டுச் சீக்கிரம் வா, இவங்க போயிடுவாங்கன்னேன். சரி கணக்கு, பறந்து வரேன்னான்.

பாலத்துக்கு முன்னாடி ஒரு எறக்கம் இருக்குல்ல. நீங்க அதுலதான் வந்திருப்பீங்க. அங்க தடுப்புக் கம்பி புதுசா இருக்கே, ஒரு பக்கம் மட்டும், கவனிச்சீங்களா? கிழவன் மோதினதுக்குத்தான் அது. பிரேக் பிடிக்கல.

யாரும் குறுக்க வரல. அவன் மட்டும்தான்.

மெஷின்காரங்க காத்துக்கிட்டே இருந்தாங்க. அரை மணி முடிஞ்சு இன்னும் அரை மணி. எனக்கு அவன் மேல கோவம். வரட்டும், நாலு கேக்கணும்னு வாசல்லயே நின்னேன். கடைசியா கையெழுத்து வாங்கிட்டு அவங்க படி எறங்குறாங்க, கீழேர்ந்து போலீஸ்காரர் ஏறி வராரு. சுவரோட ஒதுங்கி வழி விட்டாங்க பாருங்க, அது இன்னும் என் கண்ணுலயே நிக்குது. மரியாதையா ஒதுங்கினாங்க.

அவன் பொருளை ஒரு கவர்ல போட்டுக் குடுத்தாங்க. வாட்ச், பர்ஸ், பச்சைப் பேனா, ஒரு பித்தளை மூட்டு. அப்பா அதைத் திருப்பித் திருப்பிப் பாத்தாரு. இது என்ன, காரோட பாகமான்னு கேட்டாரு. நான் தெரியலன்னேன்.

அதைத்தான் குடுக்க மாட்டேன்னேன்.

அந்தச் சீட்டும் அலமாரிக் கதவுல அப்படியேதான் இருக்கு. யாரும் கிழிக்கல. போன வாரம் தற்செயலா எண்ணினேன். எண்பத்தெட்டு இல்ல, நூத்தி நாப்பத்தி சொச்சம். யாரோ தினமும் ஒரு கோடு போட்டுக்கிட்டு வராங்க. அம்மாவா அப்பாவான்னு தெரியல. நான் கேக்கல. நான் போடல, அது மட்டும் தெரியும்.

ஆமா, பிரேக் பைப்தான். துருப்பிடிச்சு விரிசல் விட்டிருந்துச்சாம். பத்து நாளுக்கு முன்னாடி ரிப்பேர் பண்ணின வண்டி, மெக்கானிக் கண்ணு என்ன பொட்டையாங்கிறாரு அப்பா. சத்தமே போட மாட்டாரு எங்கப்பா, அன்னிக்கு மெக்கானிக் கடை வாசல்ல போய்ப் போட்டாரு. கேஸும் குடுத்துட்டாரு. கடையை மூடி ஏழு வாரமாச்சு. நாய்க்குச் சோறு போடக்கூட அந்தப் பக்கம் யாரும் போறதில்ல. நான் போனேன், ஒரு தடவை. நாய் என்கிட்ட வாலை ஆட்டுச்சு. திரும்பி வந்துட்டேன்.

மெக்கானிக் என்ன சொன்னாருன்னா, நான் பாத்தேன், எழுதினேன், வேணாம்னு உங்க வீட்லேர்ந்துதான் சொன்னாங்கன்னாரு. அப்பா நம்பல. யார் சொன்னது, ஆதாரம் காட்டுன்னாரு. அவருக்கு நகல் எடுத்து வைக்கிற பழக்கமெல்லாம் இல்ல. இந்த மெஷின் வித்த காசு வக்கீலுக்கு. விசாரணை இன்னிக்கு மூணு மணிக்கு, போலீஸ் ஸ்டேஷன்ல. அப்பா நேரா ஃபேக்டரியிலேர்ந்தே போயிடுவாரு.

ஹாரன் சத்தம் உங்க வண்டியா? சரி, தூக்கச் சொல்லுங்க. கதவுப் பக்கமா சாய்க்காதீங்க. திருப்பத்துல சுவர்ல இடிக்கும், முன்னாடி போறவர் கொஞ்சம் தாழப் பிடிக்கணும். அவ்வளவு கனம் இல்ல, பாத்தா அப்படித் தெரியும். எழவு, அந்த மூலை இப்ப எவ்வளவு பெருசா இருக்கு.

எண்ண வேணாம் சார், நீங்க சரியாத்தான் வச்சிருப்பீங்க.

இந்தக் கவரை மறந்துட்டீங்க பாருங்க. பில், கேரண்டி கார்டு, எப்படி ஓட்டுறதுன்னு ஒரு புத்தகம். இருங்க, இருங்க, அந்த மடிச்ச சீட்டு உங்களுது இல்ல. இங்க குடுங்க. கிரீஸ் கைரேகை இருக்கே, அதுதான். இத்தனை நாளும் இதை மெஷினுக்குள்ளதான் வச்சிருந்தேன், இந்த வீட்ல யாரும் திறக்காத இடம் அது ஒண்ணுதான். விலைக்குப் பாக்க ஆள் வர ஆரம்பிச்சதும்தான் எடுத்து இந்தக் கவர்ல சொருகினேன்.

பிரிச்சுப் பாருங்க, ஒண்ணும் பரவால்ல. மெக்கானிக் மொதல்ல எழுதிக் குடுத்தது. ஏழு வரி. ஆறு வரி வரைக்கும் அப்பா பாத்ததுதான். ஏழாவது பிரேக் பைப், ஐயாயிரத்து ஐநூறு. மொத்தம் நாப்பத்தி ரெண்டு. பாதியைத் தாண்டுது, தெரியுதா? நான் அங்கயே நின்னு கழிச்சேன். ஐயாயிரத்து ஐநூறு போனா முப்பத்தாறரை. மனசுலயே. என் ஜென்மத்துல நான் சரியா போட்ட கணக்கு அது ஒண்ணுதான். பிரேக் பைப்பை அடுத்த மாசம் பாத்துக்கலாம்னு அப்பா சொன்னாரு, அதை விட்டுட்டு வேற சீட்டு எழுதிக் குடுங்கன்னு நானாவே சொன்னேன். அவர் ரெண்டு தடவை கேட்டாரு. ஒரு மாசத்துக்கு மேல தள்ளாதேன்னு அப்பாகிட்ட சொல்லும்மான்னாரு. சொல்றேன்னேன்.

அப்பா வந்து என்னைக் கேட்டாரு சார். நீ ஏதாவது சொன்னியாடான்னு. இல்லப்பான்னேன். என் பொண்ணு பொய் சொல்ல மாட்டான்னு போய் ஸ்டேஷன்ல எழுதிக் குடுத்துட்டு வந்துட்டாரு.

அந்தச் சட்டையை வந்து துவைச்சுக்குறேன், நனைய வச்சுட்டேன். மணி ரெண்டேகால்தானே. ஸ்டேஷன் நீங்க போற வழிதான், பாலத்தைத் தாண்டி இடது பக்கம். வண்டியில முன்னாடி ஒரு ஆள் உக்கார எடம் இருக்குமா? இல்லன்னா பின்னாடி மெஷினைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறேன், எனக்கு ஒண்ணுமில்ல. எறக்கத்துல மட்டும் கொஞ்சம் மெதுவா போகச் சொல்லுங்க.